வில்லனின் எடை: ஷெக் கின்னை முன்வைத்து

'எண்டர் தி டிராகன்' படத்தின் கடைசிச் சண்டையைச் சண்டைப்பட ரசிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாலாபுறமும் கண்ணாடி பதித்த அறை, மார்பில் நகக் கீறல்களோடு புரூஸ் லீ, கை இருந்த இடத்தில் இரும்பு நகங்களை மாட்டிக்கொண்டு பிம்பங்களுக்கு நடுவே பதுங்கும் ஹான். இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்து ரசித்தவர்களிடம்கூட, ஹானாக நடித்தவர் பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அவர் பெயர் ஷெக் கின். ஆங்கில டைட்டிலில் ஷிஹ் கியென் என்று வரும். 1973இல் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 60. ஹாங்காங்கின் காண்டனீஸ் மொழிப் படங்களில் அவர் அறிமுகமாகி அப்போதே 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுகளில் அவர் செய்து முடித்த வேலையோடு ஒப்பிட்டால், உலகத்துக்கு அவரைக் காட்டிய அந்த ஒரு படம் வெறும் பின்னிணைப்புதான்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. குங்ஃபூ சினிமாவின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் ஷெக் கின் 'துணை நடிகர்', 'பிரபல வில்லன்' என்ற ஒரு வரியில் முடிந்துபோகிறார். அது நியாயமில்லை. காண்டனீஸ் தற்காப்புக் கலைப் படங்களின் பெரிய நாயகனான வோங் ஃபெய்-ஹுங் என்ற பாத்திரத்தைத் திரையில் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். நாயகனாக நடித்த க்வான் தக்-ஹிங்குக்கு அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு பங்கு உண்டோ, எதிரே நின்ற ஷெக் கின்னுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு. மிகைப்படுத்திச் சொல்வதாகத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதற்கான காரணங்களையும் சேர்த்தே பேசுவோம்.

முதலில் அவருடைய உடல் எங்கே தயாரானது என்று பார்க்க வேண்டும். 1913 ஜனவரி 1 அன்று பிறந்தவர். பூர்வீகம் குவாங்டாங் மாகாணத்தின் பன்யூ வட்டாரம். சிறு வயதில் அடிக்கடி நோயில் விழும் பலவீனமான பிள்ளை. உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் சின் வூ சங்கத்தில் சேர்ந்தார். 1910இல் ஷாங்காயில் தொடங்கிய இந்தச் சங்கம் சீனத் தற்காப்புக் கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதுவரை குடும்பத்துக்குள்ளும் குருகுலத்துக்குள்ளும் பூட்டிவைக்கப்பட்டிருந்த பாணிகளை, வடக்கு தெற்கு என்று பார்க்காமல் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, பள்ளிக்கூடம் போல வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அங்கே ஷெக் கின் 9 ஆண்டுகள் பயின்றார். பயிற்றுநர் தகுதியும் பெற்றார். சண்டைக் கலைஞனாகி, அப்புறம் நடிகனானவர் அவர். பின்னால் அவர் திரையில் செய்த எல்லாவற்றுக்கும் இந்த வரிசை முக்கியம்.

1937இல் ஜப்பான் சீனாமீது முழுப்போர் தொடுத்தது. ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழுக்கள் அப்போது பெருகின. ஷெக் கின்னும் அந்த வழியாகத்தான் மேடைக்கு வந்தார். நடிப்போடு ஒப்பனைக் கலையையும் கற்றுக்கொண்டார். திரைத்துறையிலும் ஒப்பனை வேலை செய்திருக்கிறார். 1940இல் முதல் படம். அடுத்த ஆண்டின் கடைசியில் ஹாங்காங்கையும் ஜப்பான் பிடித்துவிட, அங்கே படத் தொழில் கிட்டத்தட்ட நின்றே போனது. போர் முடிந்து ஸ்டூடியோக்கள் மறுபடி திறந்தபோது, சண்டை தெரிந்த, மேடை தெரிந்த, தன் முகத்தைத் தானே மாற்றிக்கொள்ளத் தெரிந்த ஒரு நடிகர் தயாராக இருந்தார். கூர்மையான கன்ன எலும்பு, மேலேறிய புருவம், மெல்லிய மீசை என்று அவருடைய வில்லன் முகம் எப்படி வந்தது என்று யோசிக்கும்போது, இந்த ஒப்பனைப் பயிற்சியை மறந்துவிடக் கூடாது. எந்தக் கோடு விளக்கொளியில் எப்படி விழும் என்று அறிந்த கை அது.

இனி 1949க்கு வருவோம். வோங் ஃபெய்-ஹுங் கற்பனை மனிதர் அல்ல. குவாங்சோ நகரத்தில் போ சீ லாம் என்ற வைத்தியசாலை நடத்திய ஆசான். ஹுங் கர் என்ற தெற்குப் பாணியில் வல்லவர். 1925இல் இறந்துபோனார். அவருடைய சீடரின் சீடரான சூ யூ-சாய் அந்த ஆசானைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிய கதைகள் மக்களிடம் பரவியிருந்தன. இயக்குநர் வூ பாங் அதைப் படமாக்க முடிவெடுத்தார். அதுவரை காண்டனீஸ் படங்களில் சண்டை என்றால் இரண்டு வகைதான் பெரும்பாலும் உண்டு. ஒன்று, ஓபரா மேடையிலிருந்து வந்த குட்டிக்கரணமும் அலங்கார அசைவும். மற்றொன்று, உள்ளங்கையிலிருந்து ஒளி பாய்வது, வாள் தானாகப் பறப்பது போன்ற மாயாஜாலம், அதிலும் பலசமயம் ஃபிலிம்மேலேயே கோடு கிழித்து உண்டாக்கியது. வூ பாங் வேறொன்றை விரும்பினார். தெற்குச் சீனாவில் உண்மையில் பயிலப்படும் குத்தும் உதையும் கோலும் திரையில் தெரிய வேண்டும் என்றார். வோங்காக நடிக்க ஓபரா நட்சத்திரம் க்வான் தக்-ஹிங் வந்தார். முதல் படத்தின் துணைத்தலைப்பே சாட்டை வீச்சின் காற்றில் மெழுகுவர்த்தியை அணைக்கும் அவருடைய வித்தையைப் பற்றியது. எதிரே ஷெக் கின் வந்து நின்றார்.

க்வான் தக்-ஹிங் உருவாக்கிய நாயகன் வித்தியாசமானவர். நடுவயதுக்காரர். நீண்ட அங்கி அணிந்தவர். சீடர்களைக் கண்டிப்பார், ஊராருக்குப் புத்தி சொல்வார், முடிந்தவரை சண்டையைத் தள்ளிப்போடுவார். கடைசியில் வேறு வழியில்லாமல் கையை ஓங்குவார். அப்போதும் எதிரியை வீழ்த்திவிட்டுப் பல படங்களில் மன்னித்துத் திருந்தச் சொல்வார். கன்பூசிய ஒழுக்கம் உடம்பெடுத்து வந்தது போன்ற பாத்திரம். அடக்கத்தை நற்குணமாகத் திரையில் காட்டுவது மிகக் கடினம். எதிரி சோப்ளாங்கியாக இருந்தால் நாயகனின் பொறுமை அவசியமில்லாத நாடகமாகிவிடும். எதிரி வெறும் கொடூரனாக இருந்தால் பொறுமை கோழைத்தனமாகத் தெரியும். நாயகன் அடங்கிப்போவது பயத்தால் அல்ல, அறத்தால்தான் என்று பார்வையாளர் நம்ப வேண்டுமானால், எதிரே நிற்பவன் அவருக்குச் சமமான வித்தைக்காரன் என்பதை முதல் பார்வையிலேயே நம்ப வேண்டும். வோங் ஃபெய்-ஹுங்கின் அறம் முழுக்க இந்த ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையைக் கொடுப்பதுதான் ஷெக் கின்னின் வேலையாக இருந்தது.

அதை எப்படிக் கொடுத்தார்? அந்தக் காலத்துச் சண்டைக்காட்சிகளைப் பார்த்தால் தெரியும். கேமரா தள்ளி நிற்கும். வெட்டுகள் குறைவு. தலை முதல் கால் வரை இருவரும் சட்டகத்துக்குள் இருப்பார்கள். ஒரு ஷாட்டில் பத்துப் பன்னிரண்டு அடிகள் தொடர்ந்து போகும். இந்த முறையில் பொய் சொல்ல இடமில்லை. காலை ஊன்றத் தெரியாதவன், கோலைப் பிடிக்கத் தெரியாதவன் அடுத்த நொடியே அகப்பட்டுக்கொள்வான். ஷெக் கின் அகப்பட்டதில்லை. அடியை வாங்கும் விதத்திலும் ஒரு பயிற்சி தெரியும். உடம்பு தளர்ந்தாலும் கால் நிலை சிதறாது, விழுந்தவர் எழும்போது மறுபடி சரியான நிலைக்கே வருவார். அதோடு அவருடைய சிரிப்பு. மெதுவாகத் தொடங்கி, தோள் குலுங்க உயர்ந்து, சட்டென்று நின்றுபோகும் சிரிப்பு. ஹாங்காங் மக்கள் அவருக்கு 'வில்லன் கின்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நடிகரின் பெயரோடு ஒரு குணமே ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த நடிப்பு மக்களிடம் சேர்ந்தது.

இங்கே முதல் மறுப்பு வரும். 'எல்லாப் படத்திலும் ஒரே வில்லன், ஒரே முடிவு. இதில் படைப்பு எங்கே இருக்கிறது?' நியாயமான கேள்விதான். க்வான் தக்-ஹிங் நடித்த வோங் ஃபெய்-ஹுங் படங்கள் 1949 முதல் 1970 வரை 70க்கும் மேல். 1956 ஒரே ஆண்டில் மட்டும் 25 படங்கள். ஒரு வாரத்தில் எடுத்து முடிக்கும் படங்கள் என்று காண்டனீஸ் படங்களைக் கேலி செய்த காலம். கதைகள் ஒன்றையொன்று நகலெடுத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் காண்டனீஸ் ஓபராவில் ஊறியவர்கள். ஓபராவில் பாத்திர வகைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. முகத்தில் பூசிய நிறத்தைப் பார்த்தே யார் நல்லவன், யார் துரோகி என்று சொல்லிவிடலாம். அங்கே பார்வையாளர் முடிவைத் தெரிந்துகொள்ள வருவதில்லை. தெரிந்த முடிவுக்கு நடிகர் எந்த வழியில் போகிறார் என்று பார்க்க வருகிறார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் கேள்வியே மாறிவிடும். திரும்பத் திரும்ப வரும் அதே மோதலில் மக்களுக்குச் சலிப்பு வராமல் பார்த்துக்கொண்டது யார்? படத்துக்குப் படம் ஆயுதம் மாறும், பாணி மாறும், இடம் மாறும். சிங்க நடனப் போட்டி, டிராகன் படகுப் பந்தயம், குருகுலங்களுக்கு இடையிலான பகை என்று களம் மாறும். ஒவ்வொன்றிலும் புதிதாகச் சண்டையிட, பல பாணி கற்ற எதிரி தேவைப்பட்டார். சின் வூ சங்கத்தின் 9 ஆண்டுகள் இங்கேதான் பலன் கொடுத்தன.

இரண்டாவது மறுப்பு இன்றைய ரசிகர்களிடமிருந்து வரும். 'அந்தச் சண்டைகள் மெதுவாக, ஒத்திகை பார்ப்பது போல இருக்கின்றன. ஜாக்கி சான், ஜெட் லீ படங்களோடு ஒப்பிடவே முடியாது.' வேகத்தில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது? அந்தப் பழைய படங்களின் சண்டைத் தளத்தில் வேலை செய்தவர்களைப் பாருங்கள். வோங் ஃபெய்-ஹுங்கின் நேரடிச் சீடரான லாம் சாய்-விங்கிடம் கற்ற லாவ் சாம் அந்தப் படங்களில் நடித்தார். அவருடைய மகன் லாவ் கர்-லியுங் அங்கேதான் ஸ்டண்ட் கலைஞராக வளர்ந்தார், பின்பு ஷா பிரதர்ஸ் நிறுவனத்தில் 'ஷாவோலினின் 36ஆம் அறை' போன்ற படங்களை இயக்கினார். சண்டை அமைத்த யுவென் சியு-தின்தான் 1978இல் வந்த 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் ஜாக்கி சானுக்குக் குருவாக நடித்த அந்தக் குடிகாரக் கிழவர். அவருடைய மகன் யுவென் வூ-பிங் அந்தப் படத்தை இயக்கியவர், பின்னாளில் 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்குச் சண்டை அமைத்தவர். 1991இல் சுய் ஹார்க் இயக்கத்தில் ஜெட் லீ மறுபடி வோங்காக வந்தபோது ஒலித்த அந்த முழக்க இசையும் பழைய படங்களில் ஒலித்த அதே மெட்டுத்தான். நேர்மையான நீண்ட ஷாட், உண்மையான பாணி, உடம்பு முழுவதும் தெரியும் சட்டகம் ஆகியவை பிறகு வந்த எல்லா வேகத்துக்கும் அடிப்படை இலக்கணம். அந்த இலக்கணம் எழுதப்பட்ட காட்சிகளில் பாதி ஷெக் கின்னின் உடம்பின்மேல் எழுதப்பட்டது.

மூன்றாவது மறுப்புத்தான் வலுவானது. 'வில்லனாக வேறு யார் வந்திருந்தாலும் படம் ஓடியிருக்கும். மக்கள் வந்தது க்வான் தக்-ஹிங்குக்காக.' க்வானின் பெருமையை நான் குறைக்கவில்லை. 1905இல் பிறந்து 1996 வரை வாழ்ந்த அந்த மனிதர் வோங்காகவே மாறிப்போனார். பாரம்பரிய மருந்துச் சாலையும் நடத்தினார். ஆனால் வில்லன் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றால், தயாரிப்பாளர்கள் 20 ஆண்டுகள் ஏன் அதே மனிதரைத் தேடிப் போனார்கள்? செலவைச் சுருக்குவதே மூச்சாக இருந்த தொழில் அது. மாற்ற முடிந்த எதையும் மாற்றிவிடுவார்கள். இயக்குநர்கள் மாறினார்கள். வோங்கின் சீடர்களாக நடித்தவர்கள் மாறினார்கள். க்வானும் ஷெக் கின்னும் எதிரெதிரே நிற்பது மட்டும் மாறவில்லை. ஒருவேளை அது பழக்கத்தின் பிடிவாதம் என்று சொல்லலாம். பழக்கம் ஐந்து படங்களுக்கு நீடிக்கும், பத்துப் படங்களுக்கு நீடிக்கும். டிக்கெட் வாங்குகிறவர் அவர் வேண்டும் என்று நினைத்தால்தான் இருபது ஆண்டு நீடிக்கும்.

1960களின் இறுதியில் காண்டனீஸ் சினிமா சரிந்தது. ஷா பிரதர்ஸின் வண்ணமயமான மாண்டரின் படங்கள் ஒரு பக்கம், வீட்டுக்குள் வந்த தொலைக்காட்சி மறுபக்கம். 1972இல் காண்டனீஸ் மொழியில் ஒரு படம்கூட வெளிவரவில்லை என்ற நிலை. ஒரு மொழியின் சினிமாவே நின்றுபோனால் அதன் நடிகர்கள் என்ன ஆவார்கள்? பலர் காணாமல் போனார்கள். ஷெக் கின்னுக்கு அடுத்த ஆண்டே 'எண்டர் தி டிராகன்' வந்தது. இங்கே புரூஸ் லீயின் பின்னணியை நினைவில் வைக்க வேண்டும். அவருடைய தந்தை லீ ஹொய்-சுவென் காண்டனீஸ் ஓபராவிலும் படங்களிலும் நடித்தவர். ஷெக் கின்னின் முதல் படம் வந்த அதே 1940இல்தான் புரூஸ் லீ பிறந்தார். சிறுவனாக அவர் நடித்ததும் காண்டனீஸ் படங்களில்தான். அமெரிக்க நிறுவனம் பணம் போட்டு, ராபர்ட் கிளவுஸ் இயக்கிய அந்தப் படத்தின் மையத்தில், காண்டனீஸ் சினிமாவில் வளர்ந்த பிள்ளையும் அந்தச் சினிமாவின் பெரிய வில்லனும் எதிரெதிரே நின்றார்கள்.

'ஆனால் அந்த ஹான் பாத்திரம் மேற்கத்தியரின் கற்பனைதானே? தீவில் ஒளிந்து வாழும், போதை மருந்து கடத்தும் கீழைத்தேயக் கொடியவன். குரல்கூட அவருடையது இல்லை.' இந்த மறுப்பை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஷெக் கின்னுக்கு ஆங்கிலம் தெரியாததால் கீ லூக் என்ற நடிகர் குரல் கொடுத்தார். பாத்திரமும் ஜேம்ஸ் பாண்ட் பட வில்லன்களின் அச்சில் வார்த்ததுதான். குரலையும் கதையையும் எடுத்துவிட்டால் ஒரு நடிகரிடம் என்ன மிஞ்சும்? உடம்பு மட்டும்தான். 33 ஆண்டுகள் அந்த உடம்பை வைத்தே பேசியவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஹான் நடக்கும் விதத்தைப் பாருங்கள். அவசரமே இல்லை. முதுகு வளையாது, கழுத்து திரும்பாமல் கண் மட்டும் திரும்பும். கண்ணாடி அறை அவருடைய வயதை மறைக்கத்தான் உதவியது என்றும் சிலர் சொல்வார்கள். உதவியிருக்கலாம். ஆனால் 32 வயதில் உச்ச வேகத்தில் இருந்த புரூஸ் லீக்கு எதிரே 60 வயதுக்காரர் ஒருவர் நின்று, இவர் ஜெயித்துவிடுவாரோ என்று நம்மைப் பதற வைத்ததே, அந்தப் பதற்றம் கண்ணாடியிலிருந்து வரவில்லை. வோங் ஃபெய்-ஹுங்குக்கு எதிரே 20 ஆண்டுகள் அவர் செய்த அதே வேலைதான் அது: நாயகனின் வெற்றிக்கு எடை கூட்டுவது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். டிவிபி தொலைக்காட்சியின் தொடர்களில் பல ஆண்டுகள் நடித்தார். 1980இல் ஜாக்கி சான் இயக்கி நடித்த 'தி யங் மாஸ்டர்' படத்தில் அவர் காவல் அதிகாரி. நடிகர் யுவென் பியாவின் பாத்திரத்துக்குத் தந்தை. கோபக்காரர், நேர்மையானவர், சிரிக்க வைப்பவர். 67 வயதில் அவர் ஜாக்கியோடு போடும் சண்டையில் நகைச்சுவையும் லாகவமும் சமமாக இருக்கும். வில்லத்தனம் மட்டுமே தெரிந்த நடிகராக இருந்திருந்தால் அந்தக் குடும்பத் தலைவர் வேடம் அவர்மேல் ஒட்டியிருக்காது. 1990களின் முதல் பாதியில் நடிப்பை விட்டு ஒதுங்கினார். 2009 ஜூன் 3 அன்று 96 வயதில் ஹாங்காங்கில் காலமானார். நோஞ்சான் பிள்ளையாகத் தொடங்கிய வாழ்க்கை அது.

அவரை ஏன் மறந்தோம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காலக் காண்டனீஸ் படங்களில் பல இன்று அழிந்துபோய்விட்டன. மிஞ்சியவற்றுக்கும் நல்ல பிரதிகள் குறைவு, வசன வரிகளோடு கிடைப்பது அதைவிடக் குறைவு. அதனால் 'குங்ஃபூ சினிமா 1970களில் புரூஸ் லீயோடு தொடங்கியது' என்ற எளிய கதை நிலைத்துவிட்டது. இன்னொரு காரணம் நம் பார்வைப் பழக்கம். நாயகனுக்குச் சிலை வைப்போம், அவனை நாயகனாக்கியவனுக்கு ஒரு வரி ஒதுக்குவோம். ஒரு சினிமா மரபை மதிப்பிடும்போது இந்தப் பழக்கம் பெரிய தவறுக்குக் கொண்டுபோய்விடும். தற்காப்புக் கலைப் படம் என்பதே இரண்டு உடம்புகளின் உரையாடல். ஒருவரின் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு உரையாடலைப் புரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. காண்டனீஸ் குங்ஃபூ சினிமாவின் தொடக்கத்தை எழுதும்போது வூ பாங், க்வான் தக்-ஹிங் என்ற இரண்டு பெயர்களுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ஷெக் கின்னின் பெயரும் வர வேண்டும். நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இணையத்தில் பழைய வோங் ஃபெய்-ஹுங் படம் ஒன்றாவது தேடிப் பிடித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில், கீறல் விழுந்த பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை. மொழி புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. சண்டை தொடங்கியதும் நாயகனை விட்டுவிட்டு எதிரே நிற்பவரின் கால்களை மட்டும் கவனியுங்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னது உண்மையா என்பதை அந்தக் கால்களே உங்களுக்குச் சொல்லிவிடும்.